சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்: நுரையீரலுக்கு நேரடியாகச் செலுத்தப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகள்

நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான விளக்கக் குறிப்பு

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயுடையோருக்கு, மாத்திரை, ஊசி ஆகியவற்றுடன் மூச்சோடு உள்ளிழுக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளும் பரிந்துரைக்கப்படுகின்றன. மருத்துவமனையில் ஓரிரு முறை செய்து காட்டப்பட்ட பின்னர், இச்சிகிச்சை முழுவதும் வீட்டிலேயே, பெரும்பாலும் தாயாராலோ பாட்டியாராலோ நடத்தப்படுகிறது. மருந்து சரியானதாக இருந்தும், கருவியோ கழுவும் முறையோ வரிசையோ தவறினால் பலன் கிட்டுவதில்லை. ஆகவே இம்மருந்து எதற்காகத் தரப்படுகிறது, எவ்வாறு வேலை செய்கிறது, வீட்டில் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவை இங்கே விளக்கப்படுகின்றன. புதுச்சேரியின் வெப்பமும் மழைக்கால மின்தடையும் இச்சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை என்பதால் அவை குறித்த குறிப்புகளும் தரப்பட்டுள்ளன.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றால் என்ன?

இது பிறவியிலேயே வரும் மரபணு நோய். ஏழாவது குரோமோசோமில் உள்ள சி.எஃப்.டி.ஆர். என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றமே இதற்குக் காரணம். இம்மரபணு 1989-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. உயிரணுக்களின் வழியே உப்பும் நீரும் சென்று வருவதைச் சீராக்கும் ஒரு புரதத்தை இம்மரபணு உருவாக்குகிறது. அப்புரதம் குறைபடும்போது, மூச்சுக்குழாய்களின் உட்புறத்தை நனைக்கும் மெல்லிய நீர்ப்படலம் வற்றி, சளி பசைபோல் கெட்டியாகிறது. கணையத்தின் செரிமான நீர் தடைபடுவதால் உண்ட உணவின் கொழுப்பு செரிக்காமல் மலத்தில் வெளியேறுகிறது. வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறுகிறது. குழந்தையை முத்தமிடும்போது உப்புக் கரிக்கிறது என்று தாய்மார்கள் கூறுவதுண்டு. அது புறக்கணிக்கத்தக்க பேச்சன்று, நோயின் அடையாளமாக இருக்கலாம். வியர்வையில் குளோரைடு அளவு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருப்பது நோயைச் சுட்டும்.

தாய், தந்தை இருவரும் மாற்றமடைந்த மரபணுவைத் தாங்கியிருந்தால் மட்டுமே குழந்தைக்கு இந்நோய் வரும். அவ்விருவருக்கும் நோய் இராது. அத்தகைய பெற்றோருக்கு ஒவ்வொரு கருவுறுதலிலும் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என நெருங்கிய உறவில் மணமுடிக்கும் குடும்பங்களில் இருவரும் ஒரே மரபணு மாற்றத்தைத் தாங்கியிருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதில் யாரையும் குறை கூறுவதற்கு இடமில்லை. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுமுன் மரபணு ஆலோசனை பெறுவதே செய்யத்தக்கது.

ஐரோப்பியரிடையே மட்டும் காணப்படும் நோய் என இது நெடுங்காலம் கருதப்பட்டது. வெளிநாடுகளில் வாழும் இந்திய வம்சாவளியினரைக் கொண்டு செய்யப்பட்ட மதிப்பீடுகள், 10,000 முதல் 40,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வேறுபடுகின்றன. நம் பகுதியில் தொடர் இருமலும் எடைக் குறைவும் உள்ள குழந்தைக்கு ஆஸ்துமா அல்லது காசநோய் என்றே முதலில் எண்ணப்படுவதால், இந்நோய் கண்டறியப்படாமல் போவதுண்டு. காசநோய்க்கு முழுமையாகச் சிகிச்சை பெற்றும் இருமல் தீராத குழந்தையை இந்நோய்க்காகவும் பரிசோதிக்க வேண்டும்.

புதுச்சேரியில் பிரான்சுடன் குடும்பத் தொடர்புடையோர் பலர் உள்ளனர். பிரான்சில் 2002-ஆம் ஆண்டு முதல் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் இந்நோய்க்கான பரிசோதனை செய்யப்படுகிறது. அங்கிருந்து கொண்டுவரப்படும் மருத்துவ ஆவணங்களில் இந்நோய் 'மியூகோவிசிதோஸ்' எனக் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே நோய்தான். அந்த ஆவணங்களைத் தவறாமல் மருத்துவரிடம் காட்டவும்.

நுரையீரலில் கிருமி தங்குவது எப்படி?

இயல்பான நுரையீரலில், உள்ளே நுழையும் கிருமிகளைச் சளி பிடித்துக்கொள்ள, நுண்ணிய இழைகள் அச்சளியை மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுகின்றன. சளி கெட்டியாகிவிட்டால் இந்தத் துப்புரவு நடைபெறாது. தேங்கிய சளியில் ஸ்டஃபைலோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற கிருமிகள் முதலில் குடியேறுகின்றன. பின்னர் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் கிருமி வந்து சேர்கிறது. ஈரம் தேங்கும் இடங்களிலெல்லாம் இக்கிருமி வாழும். கழுவுதொட்டியின் வடிகால், ஈரம் உலராத நெபுலைசர்க் குடுவை, பழைய நீர் நிற்கும் குவளை ஆகியவை அதற்கு ஏற்ற இடங்கள்.

தொடக்கத்தில் சூடோமோனாஸ் தனித்தனிக் கிருமிகளாக இருக்கும். அந்நிலையில் மருந்தால் அதை முற்றிலும் அகற்ற இயலும். காலம் தாழ்ந்தால், தன்னைச் சுற்றிக் கொழகொழப்பான உறையொன்றை உருவாக்கிக்கொண்டு கூட்டமாக வாழத் தொடங்கும். அதன்பின் அதை முழுமையாக அகற்றுவது அரிது, கட்டுப்படுத்துவதே இயலும். எனவேதான் இருமல் கூடாதபோதும், குழந்தை நலமாக விளையாடும்போதும், மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் சளியை அல்லது தொண்டைத் துடைப்பு மாதிரியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புமாறு வலியுறுத்தப்படுகிறது. குழந்தைக்கு ஒன்றுமில்லையே, எதற்குச் சோதனை என்று தள்ளிப்போடும் காலமே கிருமி வேரூன்றும் காலமாகிவிடக்கூடும்.

மாத்திரையும் ஊசியும் இருக்க, உள்ளிழுக்கும் மருந்து ஏன்?

சூடோமோனாஸ் கிருமிக்கு எதிரான மருந்துகளில் டோப்ராமைசின், கொலிஸ்டின் போன்றவை வாய்வழி உட்கொண்டால் குடலிலிருந்து உடலில் சேர்வதில்லை. ஊசி மூலம் செலுத்தினால் இரத்தத்தில் கலக்கும். ஆனால் கிருமி இருப்பது மூச்சுக்குழாயின் உட்புறத்தில் தேங்கிய சளியில். இரத்தத்திலிருந்து அச்சளிக்குள் செல்லும் மருந்து மிகக் குறைவு. சென்ற மருந்தின் ஒரு பகுதியையும் சளியே பிணைத்துச் செயலிழக்கச் செய்கிறது. அளவைக் கூட்டினால் சிறுநீரகமும் செவியும் பாதிக்கப்படும்.

மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சுடன் அனுப்பினால் இச்சிக்கல் பெரிதும் நீங்குகிறது. 300 மி.கி. டோப்ராமைசினை உள்ளிழுத்த பத்து நிமிடங்களில், ஒரு கிராம் சளியில் சராசரியாக 1,200 மைக்ரோகிராமுக்கு மேல் மருந்து காணப்பட்டது. ஒரு மணி நேரத்திற்குப் பின் இரத்தத்தில் மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோகிராம் மட்டுமே இருந்தது. மருந்து வேண்டிய இடத்தில் மிகுதியாகவும், வேண்டாத இடத்தில் குறைவாகவும் இருப்பதே இம்முறையின் அடிப்படை.

1981-ஆம் ஆண்டு இலண்டன் மருத்துவர்கள் இம்முறையின் பலனை முதன்முதலில் ஒப்பீட்டு ஆய்வின் வழியே வெளியிட்டனர். 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 520 நோயாளிகள் பங்கேற்றனர். அதன் 20-ஆவது வாரத்தில், டோப்ராமைசினை உள்ளிழுத்தோரின் மூச்சுத்திறன் சராசரியாக 10 விழுக்காடு உயர்ந்திருந்தது. மருந்தற்ற கரைசலைப் பெற்றோரின் மூச்சுத்திறன் 2 விழுக்காடு குறைந்திருந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பும் மருந்து பெற்றோரிடம் 26 விழுக்காடு குறைவாக இருந்தது.

எந்தெந்த மருந்துகள் தரப்படுகின்றன?

டோப்ராமைசின் கரைசல்: 6 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு ஒரு வேளைக்கு 300 மி.கி., நாள்தோறும் இருவேளை. எடைக்கேற்ப அளவு மாறுவதில்லை. 28 நாள் மருந்து, 28 நாள் இடைவெளி என்ற சுழற்சியில் தரப்படுகிறது. இரு வேளைகளுக்கு இடையே 12 மணி நேரம் இருப்பது நன்று, 6 மணி நேரத்திற்குக் குறையலாகாது. சிறு குழந்தைகளுக்குச் சிறப்பு மருத்துவர் முடிவு செய்வார்.

கொலிஸ்டின்: தூளாக வரும் குப்பியில் நுண்ணுயிர் நீக்கிய நீரையோ உப்புநீரையோ கலந்து பயன்படுத்தப்படுவது. பொதுவாக ஒரு வேளைக்கு 10 இலட்சம் முதல் 20 இலட்சம் அலகுகள், நாள்தோறும் இருவேளை. இடைவெளியின்றித் தொடர்ந்தோ, டோப்ராமைசின் நிறுத்தப்படும் மாதங்களில் மாற்றாகவோ தரப்படுவதுண்டு.

அஸ்ட்ரியோனாம்: 75 மி.கி., நாள்தோறும் மூன்று வேளை, 28 நாள் சுழற்சி. இதற்கெனக் குறிப்பிட்ட கருவியிலேயே பயன்படுத்த வேண்டும்.

டோப்ராமைசின் தூள்: ஒவ்வொன்றும் 28 மி.கி. கொண்ட நான்கு குளிகைகளைத் தனிக்கருவியில் இட்டு இருவேளை உள்ளிழுப்பது. இக்குளிகைகளை விழுங்கக் கூடாது.

சூடோமோனாஸ் முதன்முறையாகக் கண்டறியப்பட்டால், அதை அகற்றும் பொருட்டு 28 நாள் டோப்ராமைசின் தரப்படுகிறது. கொலிஸ்டினை உள்ளிழுப்பதுடன் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை சேர்த்துத் தருவது மற்றொரு முறை. சிகிச்சை முடிந்தபின் சளியை மீண்டும் சோதித்து, கிருமி அகன்றதா என்று உறுதி செய்ய வேண்டும்.

துளியின் அளவும் கருவியும்

மருந்து நுரையீரலைச் சேர்வது துளியின் அளவைப் பொறுத்தது. 5 மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகள் தொண்டையிலேயே படிந்து விழுங்கப்படுகின்றன. 1 மைக்ரானுக்குக் குறைந்தவை வெளிமூச்சோடு திரும்பிவிடும். 1 முதல் 5 மைக்ரான் வரையுள்ள துளிகளே சிறு மூச்சுக்குழாய்களில் படிகின்றன. வழக்கமான ஜெட் நெபுலைசரில் இடும் மருந்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே நுரையீரலைச் சென்றடைகிறது. எஞ்சியது குடுவையிலும் காற்றிலும் வாயிலும் தங்கிவிடுகிறது. பயன்படுத்தும் முறையில் சிறு தவறு நேர்ந்தால் அந்தப் பத்தில் ஒரு பங்கும் குறையும்.

ஜெட் நெபுலைசர்: அழுத்தக் காற்றால் மருந்தைத் துளிகளாக்குவது. ஒரு வேளைக்கு 15 முதல் 20 நிமிடங்கள் ஆகும். உறுதியானது, ஆனால் மின்சாரம் தேவை.

வலைத்தகட்டு நெபுலைசர்: நுண்துளைகள் கொண்ட தகடு அதிர்ந்து மருந்தைத் துளிகளாக்குவது. நேரம் பாதிக்கும் குறைவு, மின்கலத்திலும் இயங்கும். விலை கூடுதல், தகட்டில் மருந்து அடைபடாதவாறு கவனமாகத் தூய்மை செய்ய வேண்டும்.

அல்ட்ராசோனிக் வகைக் கருவி இம்மருந்துகளுக்கு ஏற்றதன்று. ஆஸ்துமாவுக்கு வாங்கிய எந்த நெபுலைசரும் போதும் எனக் கருத வேண்டா. வாங்குமுன் மருத்துவரிடம் கருவியைக் காட்டி ஒப்புதல் பெறவும்.

நான்கைந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு முகமூடியைவிட வாயில் வைக்கும் குழலே சிறந்தது. மூக்கு மருந்துத் துளிகளை வடிகட்டிவிடுவதே காரணம். சிறு குழந்தைக்கு முகமூடி பயன்படுத்தினால் அது முகத்தோடு நன்கு பொருந்தியிருக்க வேண்டும். முகத்திற்கு எதிரே எட்டப் பிடித்துக் காட்டுவதால் மருந்து உள்ளே செல்வதில்லை. அழும் குழந்தையின் நுரையீரலிலும் மருந்து மிகக் குறைவாகவே படியும். அமைதிப்படுத்திக் கதை சொல்லிக்கொண்டே தருவது பயன் தரும்.

வீட்டில் பின்பற்ற வேண்டிய வரிசை

சளி அடைத்த குழாயில் மருந்து செல்லாது. எனவே முதலில் வழியைத் திறந்து, பின் சளியை வெளியேற்றி, இறுதியில் நுண்ணுயிர் எதிர்ப்பியைத் தர வேண்டும்.

1. கைகளைச் சோப்பிட்டுக் கழுவவும்.
2. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை (சால்பியூட்டமால் போன்றவை) உள்ளிழுக்கச் செய்யவும்.
3. பரிந்துரைக்கப்பட்டிருந்தால், 3 முதல் 7 விழுக்காடு செறிவுள்ள உப்புநீரை உள்ளிழுக்கச் செய்யவும். இது சளியைத் தளர்த்தும்.
4. இயன்முறை மருத்துவர் கற்றுத்தந்தபடி மார்பைத் தட்டியோ, மூச்சுப் பயிற்சியாலோ சளியை வெளியேற்றவும். சளியை விழுங்காமல் துப்பச் சொல்லவும்.
5. தூய, உலர்ந்த குடுவையில் நுண்ணுயிர் எதிர்ப்பியை இட்டு, நிமிர்ந்து அமர்ந்து, வாய்வழியே இயல்பாக மூச்சு வாங்கி விடச் செய்யவும். வேகமாகவோ மிக ஆழமாகவோ இழுக்கத் தேவையில்லை.
6. முடிந்ததும் வாய் கொப்பளிக்கவும். முகமூடி பயன்படுத்தியிருந்தால் முகத்தையும் கழுவவும்.

இரண்டு நுண்ணுயிர் எதிர்ப்பிகளையோ, நுண்ணுயிர் எதிர்ப்பியுடன் வேறு மருந்தையோ ஒரே குடுவையில் கலக்கக் கூடாது. மருந்துப் புகை அறையில் பரவாதிருக்க, வெளிமூச்சு வழியில் வடிகட்டி பொருத்துவது நன்று. இயலாவிடில் சன்னலைத் திறந்து வைத்து, கைக்குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் வேறு அறையில் இருக்கச் செய்யவும்.

கொலிஸ்டினைக் கலப்பதில் எச்சரிக்கை

தூளை நீரில் கலந்தவுடன் பயன்படுத்திவிட வேண்டும். காலையில் கலந்து மாலைக்கு எடுத்துவைப்பது ஆபத்து. கலந்த கரைசல் நிற்க நிற்க, நுரையீரலைப் புண்படுத்தக்கூடிய பொருளாக மாறுகிறது. முன்கூட்டியே கலந்து வைக்கப்பட்ட கரைசலைப் பயன்படுத்திய நோயாளி ஒருவர் உயிரிழந்ததை அடுத்து, 2007-ஆம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இது குறித்து எச்சரிக்கை விடுத்தது. கலக்கும்போது குலுக்கினால் நுரைக்கும். ஆகவே குப்பியை மெல்லச் சுழற்றிக் கரைக்கவும்.

டோப்ராமைசின் ஊசிக் குப்பிகள் சிலவற்றில் பதப்படுத்தும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். அவை மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யலாம். விலை குறைவு என்பதற்காக ஊசி மருந்தை மருத்துவரைக் கேட்காமல் நெபுலைசரில் இடக் கூடாது.

கருவியைத் தூய்மை செய்தல்

கிருமியைக் கொல்லும் மருந்தைத் தரும் கருவியே கிருமியின் இருப்பிடமாகிவிடக் கூடாது. ஒவ்வொரு முறை பயன்படுத்திய பின்னும்:

1. குடுவை, வாய்க்குழல், முகமூடி ஆகியவற்றைப் பிரித்து, சோப்பு நீரில் கழுவவும்.
2. உற்பத்தியாளர் குறிப்பு அனுமதித்தால், கொதிக்கும் நீரில் 5 நிமிடங்கள் வைக்கவும். பால் புட்டிகளுக்கான நீராவிக் கருவியும் ஏற்றது. நாளுக்கு ஒருமுறையேனும் இவ்வாறு கிருமி நீக்கம் செய்ய வேண்டும்.
3. இறுதியாக அலசுவதற்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரையே பயன்படுத்தவும். குழாய் நீரோ, கேன் நீரோ வேண்டா.
4. தூய துணியின் மேல் பரப்பி, தூசி படாமல் முற்றிலும் உலரவிடவும். ஈரத்துடன் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைப்பது சூடோமோனாஸுக்கு இடம் கொடுப்பதாகும்.

காற்றைக் கொண்டுவரும் நீண்ட குழாயை நீரில் நனைக்க வேண்டா. வலைத்தகட்டைத் தேய்க்கக் கூடாது. ஒரே வீட்டில் இரு குழந்தைகளுக்கு நோய் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குடுவை வேண்டும். அவசரத்திற்கு அருகிலுள்ள சிகிச்சையகத்திற்குச் சென்றாலும் தங்கள் குடுவையையும் முகமூடியையும் உடன் எடுத்துச் செல்லவும்.

வெப்பம், மின்தடை, மழைக்காலம்

டோப்ராமைசின் கரைசலை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், ஒளி படாமல், அதன் உறையிலேயே வைக்க வேண்டும். 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 28 நாள் வரை வைக்கலாம் என்பது உறைக்குறிப்பு. புதுச்சேரியில் ஆண்டின் பெரும்பகுதி அறை வெப்பம் அதைக் கடந்துவிடும். எனவே குளிர்பதனப் பெட்டியிலேயே வைக்கவும். உறைபனி அறையில் வைக்கக் கூடாது, அடிக்கடி திறக்கப்படும் கதவுப் பகுதியும் உகந்ததன்று. கரைசல் இளமஞ்சளாக இருப்பது இயல்பே. கலங்கியோ துகள்களுடனோ இருந்தால் பயன்படுத்த வேண்டா. மருந்தகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும்போதும், ஊருக்குப் பயணம் செய்யும்போதும், பனிக்கட்டிப் பை வைத்த பெட்டியில் எடுத்துச் செல்லவும். மருந்து பனிக்கட்டியை நேரடியாகத் தொடாதவாறு துணியால் சுற்றவும்.

2011 திசம்பர் 30-இல் தானே புயலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரியைத் தாக்கின. தானே புயலின்போது மின்சாரமின்றிப் பல நாள்கள் கழிந்ததை இங்குள்ளோர் அறிவர். ஆகவே அக்டோபர் தொடங்குமுன்னரே கீழ்க்கண்டவற்றைச் செய்து கொள்ளவும்:

• இரண்டு வாரத்திற்கேனும் போதுமான மருந்தைக் கையிருப்பில் வைக்கவும்.
• இன்வெர்ட்டரிலோ மின்கலத்திலோ நெபுலைசர் இயங்குகிறதா எனச் சோதித்துப் பார்க்கவும்.
• மின்தடை நீடித்தால் மருந்தை எங்கு குளிரில் வைப்பது, எங்கு நெபுலைசர் தரலாம் என்பதை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்பே கேட்டு வைக்கவும்.
• தேங்கிய வெள்ளநீரிலும் சேற்றிலும் குழந்தையை விளையாடவிட வேண்டா. மண்ணிலும் நீரிலும் வாழும் சில கிருமிகள் இந்நோயாளிகளின் நுரையீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடும்.

கோடையில் வேறொரு கவனமும் தேவை. வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறுவதால், சித்திரை, வைகாசி வெயிலில் குழந்தை சோர்ந்து வாந்தி எடுக்கலாம். மருத்துவர் கூறிய அளவில் உணவில் கூடுதல் உப்பும், உப்பிட்ட மோர், கஞ்சி போன்றவையும் தரவும்.

பக்கவிளைவுகள்

இருமல், தொண்டைக் கரகரப்பு, குரல் மாற்றம், வாயில் கசப்பு ஆகியவை பொதுவானவை. பெரும்பாலும் தாமே சீராகும். மருந்து மூச்சுக்குழாயைச் சுருக்கி இளைப்பை உண்டாக்கலாம் என்பதால், முதல் வேளை மருந்தை மருத்துவமனையில், மூச்சுத்திறனை அளந்து பார்த்தே தர வேண்டும்.

டோப்ராமைசினால் காதில் இரைச்சல் அரிதாக ஏற்படும். அவ்வாறு நேர்ந்தால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரிடம் தெரிவிக்கவும். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகளுக்குப் பின் தாய்வழி உறவினர் எவரேனும் செவித்திறன் இழந்திருந்தால், அதைச் சிகிச்சை தொடங்குமுன்னரே கூற வேண்டும். இத்தகைய மருந்துகளால் செவி எளிதில் பாதிப்படையும் இயல்பு தாய்வழியாக வருவதுண்டு. சிறுநீரக நோய், தசைத் தளர்ச்சி நோய், கருவுற்றிருத்தல் ஆகியவற்றையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறவும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை நலமாக இருக்கிறது. மருந்தை நிறுத்தலாமா?
நிறுத்தக் கூடாது. நலமாக இருப்பது மருந்தின் பலனாக இருக்கலாம். நுரையீரல் திசு ஒருமுறை சிதைந்துவிட்டால் அதை மீட்க இயலாது. சிதைவு நேராமல் தடுப்பதே இச்சிகிச்சையின் நோக்கம்.

28 நாள் இடைவெளியில் எதையும் செய்ய வேண்டாவா?
டோப்ராமைசின் மட்டுமே நிறுத்தப்படுகிறது. உப்புநீர், சளி வெளியேற்றும் பயிற்சி, செரிமான நொதி, சத்துணவு ஆகியவை தொடர வேண்டும். தொடங்கும் நாளையும் நிறுத்தும் நாளையும் வீட்டுச் சுவரிலுள்ள நாட்காட்டியில் குறித்து வைத்தால் மறதி நேராது.

ஒரு வேளை மறந்துவிட்டால்?
டோப்ராமைசினைப் பொறுத்தவரை, அடுத்த வேளைக்கு 6 மணி நேரத்திற்கு மேல் இருந்தால் நினைவுக்கு வந்தவுடன் தரலாம். இல்லையெனில் அவ்வேளையை விட்டுவிடவும். இருமடங்காகத் தரக் கூடாது.

நாள்தோறும் இரண்டு மணி நேரம் இதற்கே போகிறது. பள்ளிக்கும் வேலைக்கும் செல்ல முடியவில்லை. என்ன செய்வது?
இது நியாயமான கேள்வி. மருந்து, பயிற்சி, கழுவுதல் எல்லாம் சேர்ந்தால் அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும். தாய் ஒருவரே முழுச் சுமையையும் தாங்காமல், வீட்டில் மற்றொருவரும் கற்றுக்கொள்வது இன்றியமையாதது. இரண்டு அல்லது மூன்று குடுவைத் தொகுதிகள் இருந்தால், ஒவ்வொரு வேளையும் கழுவி உலரக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்தெந்த வேளை தவறுகிறது என்பதை மருத்துவரிடம் உள்ளபடியே கூறவும். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். தவறிய வேளைகள் தெரியாவிடில், மருந்து பயனளிக்கவில்லை எனத் தவறாக முடிவு செய்து, கடுமையான மருந்துக்கு மாற்ற நேரிடும்.

பிற நோயாளிகளின் குடும்பங்களுடன் பழகலாமா?
தொலைபேசியில் தாராளமாகப் பேசலாம். ஆனால் இந்நோயுள்ள இருவர் அருகருகே அமர்வது நன்றன்று. ஒருவரின் கிருமி மற்றவருக்குத் தொற்றும். புறநோயாளர் பிரிவில் முகக்கவசம் அணிந்து, இரண்டு மீட்டர் இடைவெளி விடவும்.

மீதமுள்ள மருந்தை வேறு குழந்தையின் சளிக்குத் தரலாமா?
கூடவே கூடாது. கொலிஸ்டின், வேறெந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிருமிகளுக்கென ஒதுக்கிவைக்கப்படும் கடைசிக்கட்ட மருந்துகளுள் ஒன்று. அதன் திறன் குன்றாதிருக்கவே 2019-இல் கோழி, கால்நடை, மீன் வளர்ப்பில் அதன் பயன்பாட்டை மத்திய அரசு தடை செய்தது.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

• சளியில் இரத்தம் வருதல்
• திடீர் மார்பு வலி, மூச்சுத்திணறல்
• மருந்து உள்ளிழுத்தவுடன் இளைப்பு, முகத்தில் வீக்கம், தோல் தடிப்பு
• உதடு நீலமாதல், குழந்தை உண்ணவோ பேசவோ இயலாமை
• காய்ச்சலுடன் இருமல் கூடுதல், சளியின் அளவும் நிறமும் மாறுதல், எடை குறைதல்

முதல் நான்கு அறிகுறிகளில் எதுவும் காணப்பட்டால் நெபுலைசர் மருந்தை நிறுத்தி, 108 அவசர ஊர்தியை அழைக்கவும். ஐந்தாவது, நோய் முற்றுவதன் அடையாளம். அடுத்த சோதனை நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவரைக் காணவும்.

எங்கு அணுகுவது?

புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள இராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையையோ, கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவையோ அணுகலாம். வயதுவந்தோர் ஜிப்மரின் நுரையீரல் மருத்துவப் பிரிவையோ கோரிமேடு அரசு மார்பு நோய் மருத்துவமனையையோ அணுகலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்நோய்க்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது.

2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கையில் இந்நோய் இடம்பெற்றுள்ளது. சளியைக் கரைக்கும் டி.என்.ஏஸ் மருந்தும், குறைபட்ட புரதத்தின் செயலைத் தூண்டும் மருந்தும் அதில் குறிப்பிடப்பட்டுள்ளன. இக்கொள்கையின்கீழ், அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்களின் வழியே ஒரு நோயாளிக்கு 50 இலட்சம் ரூபாய் வரை நிதியுதவி வழங்க வகை உண்டு. நமக்கு அருகிலுள்ள மையம் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. உள்ளிழுக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்கும் உதவி கிடைக்குமா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டறியவும். செல்லும்போது வியர்வைச் சோதனை முடிவு, மரபணுச் சோதனை முடிவு, சளி வளர்ப்புச் சோதனை முடிவுகள், பயன்படுத்தும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் எடுத்துச் செல்லவும்.

நினைவிற் கொள்க

மூன்று மாதத்திற்கொருமுறை சளிச் சோதனை. மருந்துக்கு முன் சளி வெளியேற்றம். கொலிஸ்டினைக் கலந்தவுடன் பயன்படுத்துதல். ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்திய கருவி. குளிரில் காக்கப்பட்ட மருந்து. இவ்வைந்தும் தவறாதிருப்பின், பரிந்துரைக்கப்பட்ட மருந்து அதன் முழுப் பயனையும் தரும்.

கவனத்திற்கு: இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொது விளக்கத்திற்கு உரியவை. மருந்தின் அளவு, கால அளவு, கருவி ஆகியவற்றைத் தங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரே முடிவு செய்வார். அவரைக் கேளாமல் எந்த மருந்தையும் தொடங்கவோ மாற்றவோ நிறுத்தவோ வேண்டா.